அரிசிக்கு நாலு தண்ணீர், மல்லிக்கு ஓர் உதறல்

காவிரி டெல்டாவில் எந்த வீட்டு அடுப்படிக்குள் எட்டிப் பார்த்தாலும் அரிசிக்கு மூன்று தண்ணீர், நாலு தண்ணீர் நிச்சயம். கடைசித் தண்ணீர் தெளியும்வரை கை ஓயாது. அதே அடுப்படியில் ரசத்தின் மேல் கிள்ளிப்போடும் கொத்தமல்லிக்கு ஓர் உதறல்தான். பச்சடிக்கு நறுக்கும் வெள்ளரியைக் குழாயில் ஒரு காட்டு காட்டினால் முடிந்தது. உலையில் கொதிக்கப்போகிற பண்டத்துக்கு இவ்வளவு பாடு, அப்படியே வாய்க்குள் போகிறதற்கு இவ்வளவு அவசரம். கணக்கு தலைகீழாக இருக்கிறது.

இதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. கல்லும் மண்ணும் அரிசியோடு கலந்து வந்த காலத்தில் உண்டான பழக்கம் இது. குறுவை நெல் அறுவடை புரட்டாசி, ஐப்பசியில் வரும். சரியாக வடகிழக்குப் பருவமழை இறங்கும் நேரம். ஈர நெல்லைக் கொள்முதல் நிலையத்தில் எடுக்க மாட்டார்கள். வழக்கமான வரம்பு 17 சதவீத ஈரப்பதம், மழை வருடங்களில் மத்திய அரசிடம் கேட்டுத் தளர்வு வாங்குவார்கள். அதனால் வெயில் தலைகாட்டினால் போதும், மன்னார்குடி ரோடு, ஒரத்தநாடு ரோடு என்று தார்ச்சாலையின் பாதியில் நெல் விரிந்துவிடும். லாரிப் புழுதி, ஜல்லிப் பொடி, மாட்டுச் சாணம் எல்லாம் அதில் சேரும். ஈர நெல் தொல்லை இந்தப் பகுதிக்குப் புதிதில்லை. இன்று தஞ்சாவூரில் நிஃப்டெம் என்ற பெயரில் இருக்கும் உணவுப் பதப்படுத்தும் கல்வி நிறுவனமே, 1967-ல் திருவாரூர் நவீன அரிசி ஆலை வளாகத்தில் நெல் பதப்படுத்துவதை ஆராய ஒரு சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கியதுதான்.

வீட்டுக்கு நெல்லாகவே வந்து, அவித்து, காயவைத்து, ஊர் மில்லில் அரைத்து எடுத்த நாட்களில் சுத்தம் செய்வது முழுக்க வீட்டின் வேலை. முறத்தில் புடைத்தால் உமியும் தவிடும் பறக்கும். கொழித்தால் குருணை தனியே ஒதுங்கும். கல்லுக்குத்தான் தண்ணீர் வேண்டியிருந்தது. உட்புறம் வரிவரியாகப் பள்ளம் வைத்த அரிக்கஞ்சட்டியில் அரிசியைத் தண்ணீரோடு சுழற்றி, மெல்லச் சாய்த்து வேறு பாத்திரத்துக்குத் தள்ளுவார்கள். கல் கனமானது, வரிப்பள்ளத்தில் தங்கிவிடும். ஒரு தடவையில் எல்லாக் கல்லும் சிக்காது என்பதால் மூன்று நாலு முறை. அந்த எண்ணிக்கைதான் கையில் தங்கிவிட்டது. சட்டி பரணுக்குப் போய்விட்டது.

இப்போது அந்த வேலையை ஆலை செய்கிறது. கல் பிரிக்கும் இயந்திரத்தில் சாய்வான தட்டு ஒன்று அதிர்ந்துகொண்டே இருக்கும், கீழிருந்து காற்று வரும். இலேசான அரிசி காற்றில் மிதந்தாற்போல் கீழே இறங்கும். கனமான கல் தட்டோடு ஒட்டி மேல்பக்கம் ஏறி வெளியேறும். அப்புறம் பாலிஷ், அதற்குப் பிறகு கலர் சார்ட்டர்: கேமரா கறுத்த மணியைக் கண்டதும் காற்றை ஊதித் தள்ளிவிடும். இப்படி வந்த மூட்டையில் நமக்கு மிஞ்சுவது கொஞ்சம் தவிட்டுத் தூள், மணிகள் உரசியதால் வந்த மாவு, சாக்குத் தூசி, பழைய அரிசியாக இருந்தால் வண்டு. முதல் தண்ணீர் பால்போல வெளுத்து வருவதற்கு அழுக்கு காரணமில்லை, பெரும்பகுதி மாவுதான். ஆலை அரிசிக்கு இரண்டு தண்ணீர் போதும். பல கிடங்குகளும் பல கைகளும் மாறி வருகிற ரேஷன் அரிசிக்கு மூன்று. அதற்கு மேல் அலசுவது தண்ணீருக்கும் அரிசிக்கும் சேர்த்து நஷ்டம்.

பிளாஸ்டிக் துகளைப் பற்றி இப்போது எல்லோரும் கேட்கிறார்கள். ஆஸ்திரேலியாவின் குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்தில் 2021-ல் கடை அரிசியைச் சோதித்துப் பார்த்தார்கள். கழுவினால் நுண்பிளாஸ்டிக் 20 முதல் 40 சதவீதம் குறைந்தது. இரண்டு தண்ணீர் ஊற்ற அதுவும் ஒரு காரணம். முழுக்கப் போகும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

அரிசிக்கு நஷ்டம் என்றது பி1 வைட்டமினை, தயமினை. தண்ணீரில் கரையக்கூடியது, நெல்லில் பெரும்பாலும் தவிட்டுப் பக்கம் இருப்பது. பச்சரிசியைத் தீட்டும்போதே முக்கால்வாசி போய்விடும். மீதியையும் கழுவிக் கொட்டினால் கால் பங்கிலிருந்து பாதிக்கு மேல்வரை அதிலும் குறையும். புழுங்கல் அரிசியின் கதை வேறு. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டுப் பக்கத்துச் சத்து கொஞ்சம் மணியின் உள்ளே இறங்கி, மாவு இறுகும்போது அங்கேயே மாட்டிக்கொள்கிறது. அதனால் கழுவும் இழப்பு பத்தில் ஒரு பங்கு அளவில் நிற்கிறது.

இதற்கு நம் பக்கத்திலேயே ஒரு சாட்சி உண்டு. 1930-களில் குன்னூரில் இருந்த ஊட்டச்சத்து ஆய்வகம் (பிற்பாடு ஹைதராபாத்துக்குப் போய்த் தேசிய ஊட்டச்சத்து நிறுவனமானது அதுதான்) ஊட்டச்சத்து அறிஞர் ஏக்ராய்டு தலைமையில் ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டது. அன்றைய மதராஸ் மாகாணத்தின் வடக்கே, ஆந்திரக் கடற்கரை மாவட்டங்களில், பி1 குறைவால் வரும் பெரிபெரி நோய் இருக்கிறது. அரிசியையே நம்பி வாழும் தமிழ் மாவட்டங்களில் ஏன் அது அப்படித் தலைகாட்டவில்லை? அங்கே மில்லில் தீட்டிய பச்சரிசி, இங்கே புழுங்கல். டெல்டாவின் ஏழை வீடுகளில் நாலு தண்ணீர் ஊற்றியும் நரம்புத் தளர்ச்சி வராமல் காத்தது அந்த அவித்த நெல்தான். அதோடு சோறு வடித்த கஞ்சியை உப்புப் போட்டுக் குடித்ததும், கழுநீர் மாட்டுக்குப் போய்ப் பாலாகத் திரும்பி வந்ததும் கணக்கில் சேரும். இன்றைக்கு மாடு இல்லை, கழனிப்பானை இல்லை. குக்கர் வந்த பிறகு கஞ்சியும் இல்லை. சிங்க்கில் ஊற்றுவதற்குப் பதில் இரண்டாம் தண்ணீரில் புளி ஊறவைக்கலாம், கீரை வேகவைக்கலாம். பக்கத்துச் செட்டிநாட்டில் மண்டி என்ற குழம்பு வைப்பதே அரிசி களைந்த தண்ணீரில்தானே.

ரேஷன் அரிசியைக் கழுவும்போது இன்னொரு சந்தேகம் வரும். சில மணிகள் மட்டும் மிதக்கும், நிறமும் கொஞ்சம் மாறி இருக்கும். உடனே பிளாஸ்டிக் அரிசி என்று வாட்ஸ்அப்பில் செய்தி பறக்கும். அவை செறிவூட்டப்பட்ட மணிகள். அரிசி மாவோடு இரும்பு, ஃபோலிக் அமிலம், பி12 சேர்த்துப் பிசைந்து, அரிசி வடிவத்தில் பிழிந்து, நூறுக்கு ஒன்று என்ற விகிதத்தில் கலந்தவை. தமிழ்நாட்டில் இது 2020-ல் திருச்சி மாவட்டத்தில்தான் முன்னோட்டமாகத் தொடங்கியது. மிதப்பதைப் பொறுக்கி எறிந்தால் சேர்த்த சத்தைப் பொறுக்கி எறிந்ததாக ஆகும். இரண்டு தண்ணீரில் அவை கரைந்துவிடாது. வெகுநேரம் ஊறவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டுவதைத் தவிர்த்தால் போதும்.

கிடங்கில் வண்டுக்கு வைக்கும் மருந்து பற்றியும் பயம் உண்டு. அங்கே வைக்கும் அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றின் ஈரத்தில் பாஸ்பீன் வாயுவாக மாறி மூட்டைக்குள் புகுந்து வண்டைக் கொல்கிறது. வாயு என்பதால் அதை வெளியேற்றுவது காற்றோட்டம்தான், நம் தண்ணீருக்கு அதில் பெரிய பங்கில்லை. நான் அதிகம் கவலைப்படுவது வீட்டுக்குள் நடப்பதைப் பற்றி. வருஷத்து அரிசி வாங்கிவைக்கும் சில வீடுகளில் வண்டு வராமல் இருக்க போரிக் பவுடரைத் தூவிப் பிசிறி வைப்பார்கள். கழுவினால் போய்விடும் என்று ஒரு சமாதானம். அதைக் கலக்கவே கூடாது. காய்ந்த வேப்பிலையும் வற்றல் மிளகாயும் வசம்பும் இருக்க, சாப்பிடுகிற பொருளில் பூச்சி மருந்து எதற்கு?

பருப்பு வகைக்கு அதிகம் சொல்ல வேண்டியதில்லை. கடைத் துவரம்பருப்பில் எண்ணெய்ப் பூச்சு இருந்தால் வெதுவெதுப்பான தண்ணீரில் கசக்கி அலச வேண்டும். உளுந்து மட்டும் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டிய சங்கதி. சம்பா, தாளடி அறுப்புக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால், நிற்கிற பயிரின் ஈரத்திலேயே உளுந்தும் பயறும் தெளித்துவிடுவது டெல்டா வழக்கம். சேற்று வயலில் விளைந்த அந்த உளுந்தில் மண் கட்டாயம் ஒட்டியிருக்கும், ஆகவே ஊறப்போடும் முன் நன்றாகக் கழுவ வேண்டும். ஆனால் ஊறிய பிறகு ஐந்தாறு தண்ணீர் விட்டு அலசினால் மாவு பொங்க நேரமாகிறது என்பது பாட்டிமார்களுக்குத் தெரியும். இட்லி மாவைப் புளிக்கவைக்கும் பாக்டீரியா கடையில் வாங்கிச் சேர்ப்பதில்லை. அது உளுந்தோடே வருவது. தோல் நீங்கும் அளவுக்கு அலசிவிட்டு, ஊறிய தண்ணீரில் ஒரு பங்கை எடுத்துவைத்து அரைக்க விடுவது அதனால்தான்.

சரி, இப்போது உண்மையான சிக்கலுக்கு வருவோம். பச்சையாகத் தின்பவை.

கொள்ளிடம், காவிரி, குடமுருட்டிப் படுகைகளில் விளையும் கீரையும் காயும் மண்ணை ஒட்டி வளர்பவை. படுகை மண் மெல்லிய வண்டல், இலைக் கணுவில் போய் அப்பிக்கொள்ளும். அந்த மண்ணோடு மாட்டுச் சாணம், வாய்க்கால் தண்ணீர், சில இடங்களில் மனிதக் கழிவும் வருகிறது. நாக்கில் நறநறக்கும் மணலால் பெரிய கேடில்லை. கண்ணுக்குத் தெரியாத குடற்புழு முட்டைகளால்தான் கேடு. உருண்டைப்புழுவின் முட்டை பசைபோல ஒட்டும், குளோரினுக்கு அசையாது. பன்றி நாடாப்புழுவின் முட்டை வயிற்றுக்குள் போனால் அதிலிருந்து வரும் புழுக்கூடு மூளையில் தங்கி வலிப்பு வரவைக்கலாம். பன்றிக்கறியைத் தொட்டே பார்க்காத சைவர்களுக்கும் இந்த நோய் வருகிறது. அது வந்து சேரும் வழிகளில் ஒன்று சரியாகக் கழுவாத பச்சை இலையும் காயும். சமைத்தால் முட்டை செத்துவிடும். சமைக்காததில் அதை இடம்பெயர்க்க ஓடும் தண்ணீரும் விரலின் தேய்ப்பும் தவிர வேறு வழி இல்லை.

ஆகவே கீரையை, மல்லியை, புதினாவை முதலில் வேரும் அழுகலும் நீக்கிப் பிரிக்க வேண்டும். கட்டோடு நனைத்தால் நடுவில் இருப்பது நனையவே நனையாது. அகலமான பாத்திரத்தில் நிறையத் தண்ணீர் விட்டு, கீரையை அமுக்கி அலைத்து, ஐந்து நிமிஷம் விட்டால் மண் அடியில் தங்கும். இங்கேதான் பலர் கோட்டை விடுகிறார்கள்: அப்படியே வடிதட்டில் கவிழ்த்துவிடுவார்கள், அடியில் தங்கிய மண் திரும்பக் கீரையின் தலையில் வந்து விழும். கீரையைக் கையால் மேலே அள்ளி எடுக்க வேண்டும், மண் தண்ணீரைத் தனியே கொட்ட வேண்டும். தண்ணீர் மாற்றி இப்படி மூன்று தடவை. அரிசிக்கு ஊற்றிய அந்த நாலு தண்ணீரில் இரண்டை இங்கே கொண்டுவந்தால் செலவு ஒன்றும் கூடவில்லை. பச்சையாகப் போடும் மல்லிக்குக் கடைசியில் குழாய்க்குக் கீழே ஓடும் தண்ணீர் கட்டாயம்.

பூச்சி மருந்துக்கு வருவோம். கும்பகோணத்தை அடுத்த தாராசுரம் மார்க்கெட்டில் இறங்கும் காயில் படுகைக் கத்தரி, வெண்டை ஒரு பக்கம் என்றால், மலைக்காய் எல்லாம் வெளியூர் லாரி. யார் எப்போது என்ன அடித்தார்கள் என்று வாங்குகிறவருக்குத் தெரியப்போவதில்லை. 2015-ல் தமிழ்நாட்டுக் காய்கறியில் மருந்து எச்சம் அதிகம் என்று கேரளா பிரச்சினை கிளப்பியது நினைவிருக்கும். அந்தச் சமயத்தில் கேரள வேளாண் பல்கலைக்கழகம் வீட்டுக்காரர்களுக்குச் சொன்ன யோசனைகளில் ஒன்று புளித்தண்ணீர். லிட்டருக்கு 20 கிராம் புளியைக் கரைத்து வடிகட்டி, கறிவேப்பிலை, மல்லி போன்றவற்றைப் பத்து நிமிஷம் அமுக்கிவைத்து, பிறகு நல்ல தண்ணீரில் அலச வேண்டும். அரசியலை விடுங்கள், அந்த யோசனை நம் அடுப்படிக்குப் பொருத்தமானது. மேலே படிந்திருக்கும் மருந்தில் ஒரு பங்கை அது இறக்கும்.

சமையல் சோடாவுக்கும் ஓர் ஆய்வு உண்டு. 2017-ல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் ஆப்பிளில் இரண்டு மருந்துகளைத் தடவி, ஒரு சதவீத சோடாக் கரைசலில் ஊறவைத்தார்கள். பன்னிரண்டு, பதினைந்து நிமிஷத்தில் மேற்பரப்பில் இருந்தது நீங்கியது. ஆனால் ஒரு மருந்து ஏற்கெனவே ஐந்தில் ஒரு பங்கு தோலுக்குள் இறங்கிவிட்டிருந்தது, அதை எந்தக் கழுவலும் தொடவில்லை. அதற்கும் முன்னால், 2000-ல், அமெரிக்காவின் கனெக்டிகட் வேளாண் ஆய்வு நிலையம் சோதித்த 12 மருந்துகளில் 9 வெறும் குழாய்த் தண்ணீரிலேயே குறைந்தன. அங்கே வேலை செய்தது தண்ணீரின் ஓட்டமும் தேய்ப்பும்தான்.

மஞ்சள்தூள் போட்ட உப்புத் தண்ணீர் எல்லா வீட்டிலும் நடக்கிற சடங்கு. காலிபிளவருக்குள் ஒளிந்திருக்கும் புழுவை வெதுவெதுப்பான உப்புத் தண்ணீர் வெளியே கொண்டுவரும், அதில் சந்தேகமில்லை. மற்றபடி மஞ்சளால் விரல் மஞ்சளாவது உறுதி, கிருமி சாவது அவ்வளவு உறுதியில்லை. பாத்திரம் கழுவும் சோப்புத் திரவம் வேண்டவே வேண்டாம். காய்க்குத் தோலில் நுண்துளை உண்டு, சோப்பு அதில் தங்கும்.

தண்ணீர் தோற்கும் இடம் ஊடுருவும் மருந்துகள். வேரோ இலையோ உறிஞ்சிச் செடியின் சாற்றோடு ஓடும் வகை. மோனோகுரோட்டோபாஸ் அந்த ரகம். காய்கறிப் பயிருக்கு அதை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை போட்டார்கள், பின்னும் பல வருஷம் அது காய்கறியில் அகப்பட்டுக்கொண்டே இருந்தது. இதற்கு மருந்து வயலில்தான் இருக்கிறது: அடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையில் விட வேண்டிய இடைவெளி. காலையில் மருந்தடித்து மறுநாள் பறித்த கத்தரிக்காயை எத்தனை புளித்தண்ணீரில் போட்டாலும் பிரயோசனமில்லை. பழியை முழுக்க வீட்டுப் பெண்களின் கழுவலில் போடுகிற பேச்சு எனக்கு எப்போதும் எரிச்சலைத் தரும்.

கழுவும் தண்ணீர் எப்படிப்பட்டது என்பதை இதுவரை சொல்லவில்லை. 2022 ஜூலையில் காரைக்காலில் காலரா பரவி, பொதுச் சுகாதார அவசரநிலை அறிவித்து, பள்ளிகளை மூடினார்கள். காவிரி கடலில் சேரும் அதே கடைமடைப் பகுதி. கொதிக்கவைத்த தண்ணீரையே குடிக்கச் சொல்லி அறிவிப்பு வந்தது. குடிக்கத் தகாத தண்ணீர் வெள்ளரியைக் கழுவவும் தகாது. இதை அறிவிப்புகளில் யாரும் பெரிதாகச் சொல்வதில்லை, கேட்பவர்களும் யோசிப்பதில்லை. தண்ணீரைக் காய்ச்சிக் குடித்துவிட்டு, குழாய்த் தண்ணீரில் அலசிய மல்லியை மோரில் போட்டால் காய்ச்சியது வீண்.

டெல்டாவில் தண்ணீர் ஊருக்கு ஊர், மாதத்துக்கு மாதம் மாறும். மேட்டூர் அணையை ஜூன் 12-ல் திறந்து ஜனவரி 28-ல் மூடுவது வழக்கம். இடைப்பட்ட கோடையில் வாய்க்கால் குட்டைகுட்டையாகத் தேங்கும். திறந்துவிட்டதும் முதலில் வரும் நுரைத் தண்ணீர் அவ்வளவு மாதக் குப்பையையும் சேர்த்து இழுத்து வரும். அந்த இரண்டு சமயங்களிலும் ஆற்றில் அலசிக் கட்டிய கீரைக்கட்டைச் சுத்தம் என்று நம்பக் கூடாது. வேதாரண்யம், தலைஞாயிறு பக்கம் நிலத்தடி நீர் உப்பு. குடிக்கக் கொள்ளிடத்துக் கூட்டுக்குடிநீர், புழங்க அடிபம்பு. இரண்டு தண்ணீரும் இருக்கும் வீட்டில் மண் போக முதல் அலசல்களைப் பம்புத் தண்ணீரில் முடித்துக்கொண்டு, கடைசி அலசலுக்கு மட்டும் குடிக்கிற தண்ணீரை எடுத்தால் செலவும் குறையும், காரியமும் ஆகும். குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது குளோரின் மிச்சம் இருக்க வேண்டும் என்பது விதி. தரைத்தொட்டியில் நாலு நாள் கிடந்த தண்ணீரில் அது இருக்காது. ஆகவே தண்ணீர் விடும் நேரத்தில் பிடித்த குடத்தைப் பச்சைக் காய்க்கு ஒதுக்குவது நல்லது.

கழுவுவது நறுக்கும் முன்னால். நறுக்கிய பிறகு கழுவினால் சத்து வெட்டுவாயில் கரைந்து ஓடும், அழுக்குத் தண்ணீர் உள்ளே ஏறும். தர்ப்பூசணிக்கும் இது பொருந்தும். தோலைத் தின்பதில்லை என்றாலும் கத்தி தோலிலிருந்துதான் உள்ளே போகிறது. மாங்காய், வெள்ளரிப்பிஞ்சைக் கீறி மிளகாய்ப்பொடி தூவித் தரும் பஸ் ஸ்டாண்டு கடைகளில், காலையில் நிரப்பிய ஒரே வாளியில் எல்லாப் பிஞ்சும் முங்கி எழும். மதியத்துக்குள் அந்த வாளியே நோய் பரப்பும். முழுசாக வாங்கி வந்து வீட்டில் கழுவித் தின்பது மேல்.

கடைசியாக வெற்றிலை. 2025-ல் புவிசார் குறியீடு வாங்கிய கும்பகோணம் வெற்றிலை, பாபநாசம், ராஜகிரிப் பக்கத்துக் கொடிக்கால்களில் எப்போதும் ஈரத்திலேயே வளர்வது. பறித்துக் கவுளியாக அடுக்கிய பிறகும் வாடாமல் இருக்கத் தண்ணீர் தெளித்துக்கொண்டே இருப்பார்கள். வங்கதேச வெற்றிலையில் சால்மொனெல்லா கிருமி திரும்பத் திரும்ப அகப்பட்டதால் ஐரோப்பிய ஒன்றியம் 2014-ல் அதன் இறக்குமதியையே நிறுத்திவைத்தது. ஈரமும் வெதுவெதுப்பும் சேர்ந்த இலை எங்கே விளைந்தாலும் கிருமிக்கு அது வசதிதான். நம் ஆட்களோ காம்பைக் கிள்ளி, வேட்டியில் முன்னும் பின்னும் ஒரு தேய்ப்புத் தேய்த்துச் சுண்ணாம்பைத் தடவிவிடுவார்கள். துடைத்தால் ஈரம் போகும், கிருமி இலை முழுக்கப் பரவும். ஒவ்வொரு இலையாக ஓடும் தண்ணீரில் இரண்டு பக்கமும் விரலால் தேய்த்து, உதறி, சுத்தமான துணியில் ஒற்றி எடுக்க வேண்டும். நரம்பு புடைத்த பின்பக்கத்துக்குக் கொஞ்சம் கூடுதல் தேய்ப்பு. பந்தியில் தாம்பூலத் தட்டு வைக்கும்போது காலையிலேயே கழுவி அடுக்கிவிடாமல், பரிமாறும் நேரத்துக்குச் சற்று முன் கழுவுவது உத்தமம். பெட்டிக்கடையில் வாங்கிப் போடுகிறவர்கள், வெற்றிலையை மூடியிருக்கும் அந்த ஈரச்சாக்கு எத்தனை நாள் பழையது என்று ஒரு பார்வை பார்த்துவிட்டு வாங்கலாம்.